டெஸ்மண்டின் முன்னூற்று முப்பத்தைந்து நாள்

எங்கள் கிடங்கு வாசலில் இருந்து டெஸ்மண்ட் வீட்டுக்கு இரண்டே கால் கிலோமீட்டர். உத்தேசமாகச் சொல்லவில்லை, என் வண்டி மீட்டரைப் பார்த்துச் சொல்கிறேன். நடுவில் ஒரு ரயில்வே பாலம், ஒரு பேக்கரி, மூன்று வேகத்தடை. பரேட் மைதானத்தில் நின்றால் அவன் வீட்டை ஒட்டிய மாதா கோயிலின் மணிக்கூண்டு தெரியும். அந்தக் கோயிலில்தான் அவனுக்கும் ஜோவிதாவுக்கும் கல்யாணம் நடக்க வேண்டும். அதற்காக அவன் எங்கள் கிடங்கில் லீவு கேட்டான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் பட்டாளத்துக்கு ஏகப்பட்ட இடம் உண்டு. அதில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் எங்கள் கூடாரக் கிடங்கு இருக்கிறது. படை எங்கே முகாம் போட்டாலும் கூடாரம் வேண்டும் அல்லவா? அந்தக் கூடாரங்களைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் மடித்து வைப்பது எங்கள் வேலை. யாராவது கேட்டால் கொடுப்போம். நான் வந்த நாளாய் யாரும் கேட்கவில்லை. நான் ஹவில்தார் நாராயணசாமி, டிரைவர். விதி, உபவிதி எல்லாம் எனக்குத் தெரியாது. கியர் தெரியும். டெஸ்மண்ட் நாயக், பதவியில் எனக்கு ஒரு படி கீழே, வயதில் பன்னிரண்டு இளையவன். பத்து வருஷம் எங்கெங்கோ குளிரில் கிடந்துவிட்டு, சொந்த ஊருக்கே மாற்றல் வந்ததும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினான் பாவம். ஆனால் கல்யாணம் ஆகாதவன் பாரக்கில்தான் படுக்க வேண்டும். வெளியே போக ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் அவுட் பாஸ்.

அந்த நாலு மணி நேரத்தில் கல்யாணத்தை முடித்துவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதல் விஷயம், அவர்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வைப்பதில்லை, சனிக்கிழமைதான். இரண்டாவது விஷயம் எங்கள் ஹெட் கிளார்க் சுபேதார் புட்டசாமி. மண்டியாக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், இரண்டிலும் முடியாது என்றுதான் சொல்லுவார்.

"அவுட் பாஸ் எதுக்கு நாராயணசாமி? சோப்பு வாங்கறதுக்கு, முடி வெட்டறதுக்கு, வீட்டுக்கு பார்சல் அனுப்பறதுக்கு. லிஸ்ட்ல மூணுதான் இருக்கு. கல்யாணம் இல்ல. நானு ஏனு மாடலி?"

நான் என்ன செய்யட்டும் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். யாரும் இதுவரை பதில் சொன்னதில்லை.

முதல் கல்யாணத் தேதி பிப்ரவரியில். டெஸ்மண்ட் விண்ணப்பத்தோடு பத்திரிகையை வைத்து நீட்டினான்.

"என்னப்பா இது?"

"கல்யாண லீவு சாப்."

"கல்யாணம்னு என்ன ப்ரூஃப்?"

"பத்திரிகை இருக்கே சாப்."

"பத்திரிகை யாரு வேணும்னாலும் அடிப்பாங்க. மேரேஜ் சர்ட்டிஃபிகேட் கொண்டா."

"அது கல்யாணம் ஆனப்புறம்தான் சாப் குடுப்பாங்க."

"ஆனப்புறமே கொண்டா. எனக்கென்ன அவசரம்?"

பத்திரிகையை மட்டும் கோப்பில் ஓட்டை போட்டு நூலால் கட்டிக்கொண்டார். எங்கள் கிடங்கில் உள்ளே போன காகிதம் வெளியே வராது, கூடாரம் மாதிரி. பிப்ரவரி போயிற்று.

அடுத்த தேதி மே மாதம். அதற்குள் புதுக் கமாண்டர் வந்துவிட்டார், கர்னல் வைத்தீஸ்வரன். வந்த மாதமே எங்களை எல்லாம் மைதானத்தில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார்.

"லீவ் இஸ் எ ப்ரிவிலேஜ். உரிமை இல்ல, சலுகை. வருஷத்துக்கு அறுபது நாள் ஆனுவல் லீவ், முப்பது நாள் கேஷுவல் லீவ்னு புக்குல இருக்கு. இருக்குன்னா? புக்குல இருக்கு. புக்குல இருக்கறத எல்லாம் எடுத்துட்டா புக்குல என்ன மிஞ்சும்? நான் சர்வீஸ்ல இருபத்திரண்டு வருஷம். இந்தக் கமாண்ட் எடுத்ததுல இருந்து ஒரு நாள் லீவு போட்டதில்ல. ஏன்? எனக்கு ரூல் புரிஞ்சிருக்கு. உங்களுக்குப் புரியல. அதனாலதான் கேக்கறீங்க."

அவர் சொன்னது சத்தியம். காகிதத்தில் ஒரு நாள் கூட லீவு இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை நாலு மணிக்கு வெளி ஆய்வு என்று கிளம்புவார். நான்தான் வண்டி ஓட்டுவேன். ஆய்வு மல்லேஸ்வரத்தில் அவருடைய சொந்த வீட்டு வாசலில் போய் நிற்கும். திங்கட்கிழமை காலையில் போய் ஆய்விலிருந்து அழைத்து வருவேன்.

அந்தப் பேச்சின் பலனாக லீவு விதிகளை விளக்கும் வகுப்பு ஒன்று ஆரம்பமானது. பத்து நாள். வகுப்பு முடித்த சான்றிதழ் இல்லாதவன் லீவு கேட்கக் கூடாது. வகுப்பில் இருப்பவன் பயிற்சியில் இருக்கிறான், ஆகவே லீவில் போகக் கூடாது. டெஸ்மண்டுக்கு இடம் கிடைத்த பத்து நாளுக்குள்ளேதான் மே மாதக் கல்யாணத் தேதி இருந்தது. அதுவும் போயிற்று.

ஆனால் பையன் ரோஷக்காரன். விழுந்து விழுந்து படித்தான். கேஷுவல் லீவை ஆனுவல் லீவோடு ஏன் ஒட்டக் கூடாது, லீவுக்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொள்ளலாமா, நடுவில் வரும் பண்டிகை யாருடைய கணக்கு, லீவில் இருப்பவனுக்கு அம்மை போட்டால் அது லீவா வியாதியா என்று எல்லாம் தலைகீழாகச் சொன்னான். பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கிடங்கே கை தட்டியது. கர்னல் அவன் தோளில் தட்டிக்கொடுத்து, இனிமேல் நீதான் இந்த வகுப்புக்கு வாத்தியார் என்று சொல்லிவிட்டார்.

கேட்டீர்களா அநியாயத்தை! வாத்தியார் இல்லாமல் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாமல் யாருக்கும் லீவு இல்லை. ஆகவே டெஸ்மண்டுக்கு லீவு கொடுத்தால் கிடங்கில் ஒரு பயலுக்கும் லீவு கிடைக்காது. நாற்பது பேர் அவனிடம் வந்து, அண்ணே, நீங்க மட்டும் லீவு போட்டுடாதீங்க அண்ணே என்று கெஞ்சினார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு நானும் கோயிலுக்குப் போனேன். எனக்குப் பூசை எல்லாம் தெரியாது, வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். பூசை முடிந்ததும் ஃபாதர் க்ளென் சிரித்துக்கொண்டே வந்தார். அவர்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று. டெஸ்மண்டுக்குப் பிப்ரவரிக்கு மூன்று, மே மாதத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு தடவை வாசித்தாயிற்று.

"இன்னொரு மூணு தடவ வாசிக்கணுமா டெஸ்மண்ட்? உங்க பேரு சொன்னாலே ஜனங்க ஆமென்னு சொல்றாங்கப்பா. பூசையில ஒரு பாகம்னு நெனச்சுட்டாங்க."

ஃபாதர் சிரித்தார். ஜோவிதாவின் அப்பா தியோடர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கோடு கொஞ்சம் கோணினாலும் பொறுக்கமாட்டார்.

"நவம்பர் இருபத்திரண்டு. சனிக்கிழமை. பத்தரை பூசை. பதினொரு மணி வரைக்கும் வாசல்ல நிப்பேன். அது தாண்டினா அடுத்த வாரம் திருவருகைக் காலம் ஆரம்பிச்சுடும், கிறிஸ்மஸ் வரைக்கும் கல்யாணம் கெடையாது. அப்புறம் உனக்கும் எங்களுக்கும் பேச்சே கெடையாது. ஹொசூர்ல ஒரு பையனுக்குக் கேட்டிருக்காங்க. பேங்க்ல வேல. ரெண்டாவது சனி, நாலாவது சனி லீவு. எழுதிக் கேக்கக்கூட வேணாம், தானா வருது!"

"டாடி, சும்மா இருங்க," என்றாள் ஜோவிதா. பீன்யாவில் மோட்டார் பம்பு பாகம் செய்யும் ஒரு ஃபாக்டரியில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. கையில் எது கிடைத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்போது டெஸ்மண்டை அப்படித்தான் பார்த்தாள். "டெஸ்மண்ட், நான் காத்திருக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா மூணாவது தடவையும் சொந்தக்காரங்க முன்னாடி போய் நிக்க என்னால முடியாது. நீயே சொல்லு, முடியுமா?"

டெஸ்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்கு லீவு?" என்று மட்டும் கேட்டான்.

"எனக்கென்ன? நேத்தே கேட்டுட்டேன்." கைப்பேசியைக் காட்டினாள். அவளுடைய சூப்பர்வைசர் சங்கமித்ரா மேடத்துக்கு அனுப்பியது: மேடம், நவம்பர் 22 என் கல்யாணம், மூணு நாள் லீவு வேணும். அதற்குக் கீழே மேடத்தின் பதில்: சரிம்மா, எடுத்துக்கோ. பக்கத்தில் ஒரு கேக் படம்.

டெஸ்மண்ட் கைப்பேசியை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "இவ்ளோதானா? ரெஃபரன்ஸ் நம்பர்? சீல்?"

"அதான் கேக் போட்டிருக்காங்களே."

அவன் அதை என்னிடம் காட்டினான். நானும் பார்த்தேன். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு உத்தரவை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது விண்ணப்பம் போன நேரத்தில்தான் அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. புட்டசாமி சாப் டெஸ்மண்டின் எண்ணைத் தட்டினார். திரை சிவப்பாக மாறியது. அவர் முகமும்.

"டெஸ்மண்ட், உன் லீவு விலாசம் என்ன?"

"பெங்களூர் சாப்."

"நீ இப்ப எங்க இருக்க?"

"பெங்களூர்ல சாப்."

"லீவுன்னா என்ன? நீதானே கிளாஸ்ல போர்டுல எழுதிப் போட்ட?"

டெஸ்மண்ட் விறைப்பாக நின்று ஒப்பித்தான். "லீவு என்பது சிப்பாய் தன் லீவு விலாசத்துக்குரிய ஊரில் இருக்கும் காலம், சாப்."

"அப்ப நீ இந்த ஊருக்கு வந்து எத்தன நாள்?"

"பதினாலு மாசம் சாப்."

"நானூத்தி இருபத்தஞ்சு நாள். எல்லா நாளும் லீவு விலாசத்துலயே இருந்திருக்க. உனக்கு இருக்கறது தொண்ணூறு நாள். பாக்கி முன்னூத்தி முப்பத்தஞ்சு நாள் லீவு முடிஞ்சும் திரும்பி வரல நீ!"

"சாப், நான் தினமும் ரோல் காலுக்கு வரேனே? கூடாரம் மடிக்கறேனே?"

"லீவுல இருக்கற ஆளு கூடாரம் மடிச்சா அது அவனோட சொந்த விருப்பம். கம்ப்யூட்டர் ஒத்துக்காது. நானு ஏனு மாடலி?"

அன்றைக்கே கர்னல் முன்னால் நிறுத்தினார்கள். கூடாரத்தைச் சரிபார்க்கும் அறையில்தான் விசாரணை, நான் வண்டிச் சாவியோடு கதவருகே நின்றேன். கர்னல் கோப்பைப் படித்துவிட்டு நல்ல மனதோடுதான் பேசினார்.

"லுக், நீதான் டெஸ்மண்ட்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனா ரெக்கார்டுக்குத் தெரியலையே! இருபத்திரண்டு வருஷமா நான் கண்ணால பாத்தத நம்பினதில்ல, ரெக்கார்டதான் நம்பினேன். அதனாலதான் கர்னல் ஆனேன்."

அன்று முதல் டெஸ்மண்ட் காணாமல் போனவன். சமையலறையில் அவன் தட்டை நிறுத்தினார்கள். காணாமல் போனவனுக்குச் சோறு போட விதி இல்லை. விருந்தாளிக்குப் போட விதி உண்டு என்று அவனே புத்தகத்தில் கண்டுபிடித்து, தினமும் விருந்தாளியாக வந்து சாப்பிட்டான். வகுப்பு மட்டும் நிற்கவில்லை. லீவு முடிந்தும் திரும்பாதவன் கதி என்ன என்ற பாடத்தை அவனே நடத்தினான். உதாரணத்துக்கு அவன் பெயரையே எழுதினான்.

வீட்டுக்குப் பதிவுத் தபால் போயிற்று. உங்கள் மகன் லீவு முடிந்து இன்னும் திரும்பவில்லை, உடனே அனுப்பி வைக்கவும். டெஸ்மண்டின் அம்மா மௌரீன் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டார்.

"என் புள்ளையக் காணோம்னு எனக்கே லெட்டர் போடறீங்களா? பட்டாளத்துக்குக் குடுத்தது நானு, தொலைச்சது நீங்க! அதோ, அந்தக் கயிறு இழுக்கறானே, அவன் யாரு?"

வாசல் காவலன் திரும்பிப் பார்த்தான். "அவரு லீவு வாத்தியார்ம்மா," என்றான்.

அடுத்தது விசாரணைக் குழு. காணாமல் போனவனைக் கடைசியாகப் பார்த்த சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். பாரக்கில் அவன் கட்டிலுக்கு மிக அருகில் படுப்பவன் யார் என்று தேடினார்கள். அது டெஸ்மண்ட்தான். கூப்பிட்டார்கள்.

"நாயக் டெஸ்மண்டைக் கடைசியா எப்ப பாத்த?"

"இன்னிக்குக் காலையில சார். ஷேவ் பண்ணும்போது."

"எங்க?"

"கண்ணாடியில சார்."

புட்டசாமி சாப் எழுதிக்கொண்டார்: சாட்சி, காணாமல் போனவரைக் காலையில் கண்டதாகச் சொல்கிறார். கண்ணாடியில் மட்டுமே கண்டபடியால் நேரில் கண்டதாகக் கொள்ள இயலாது.

சிரிக்காதீர்கள். அந்த மூன்று வாரத்தில் அவன் ஆறு கிலோ இளைத்தான். கோயிலில் மறுபடியும் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. காணாமல் போனவனுக்கு அவுட் பாஸும் கிடையாது, ஆகவே மூன்றையும் அவன் பரேட் மைதானத்தில் நின்று, மணியோசையை வைத்து, இப்போது வாசித்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டான். என்னிடம் ஒரு நாள், "அண்ணே, நான் நெஜமாவே ஓடிப் போயிட்டா இவ்ளோ கஷ்டம் இருக்காதுல்ல?" என்றான். வண்டி கழுவப் போய்விட்டேன்.

நவம்பர் இருபது, வியாழக்கிழமை. அடுத்த வாரம் மேலிடத்தில் இருந்து ஜெனரல் வருகிறார் என்று தகவல். ஜெனரல் வரும்போது ஒரு ஆள் காணாமல் போயிருக்கக் கூடாது. கர்னல் அவசரக் கூட்டம் போட்டார். சுவரில் பெங்களூர் வரைபடம். அதன் கீழ் நுனி சுருண்டுகொண்டே இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவன் டெஸ்மண்ட்.

"சார், இங்கயே நிக்கறேன், பிடிச்சுக்கோங்க சார்," என்றான் அவன்.

"முட்டாள். காணாம போனவன் கேம்புக்குள்ள கெடச்சான்னு எழுதினா, இத்தன நாளா உன் கண்ணு எங்க இருந்துதுன்னு ஜெனரல் என்னைக் கேப்பாரு. வெளியில கெடச்சாத்தான்யா கண்டுபிடிச்சதா அர்த்தம். புட்டசாமி, ஏதாவது தகவல் உண்டா?"

புட்டசாமி சாப் கோப்பைப் பிரித்து, நூலில் கட்டியிருந்த மூன்றாவது கல்யாணப் பத்திரிகையைக் காட்டினார். கர்னல் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"மை காட்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு எதிரியப் பாத்ததில்ல. சனிக்கிழமை, பத்தரை மணி, இன்ன கோயில். எல்லாத்தையும் அச்சடிச்சு நமக்கே குடுத்திருக்கான்! அப்புறம் சாப்பாடு எங்கன்னு வேற போட்டிருக்கான். தேடுதல் குழு ரெடி பண்ணுங்க. தலைமை புட்டசாமி. டிரைவர் நாராயணசாமி. ஆள அடையாளம் காட்ட, அவன நல்லாத் தெரிஞ்ச ஒருத்தன் வேணும்."

எல்லோரும் டெஸ்மண்டைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் வண்டியில் ஏறிவிட்டோம். சாவியைத் திருகப் போகிறேன், புட்டசாமி சாப் கையைப் பிடித்தார். உத்தரவில் கமாண்டர் கையெழுத்து இல்லை. வெள்ளிக்கிழமை மாலையே அவர் ஆய்வுக்குப் போய்விட்டார். என்னால்தான் போனார், நான்தானே ஓட்டினேன். டெஸ்மண்ட் பின்னால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஆய்வு எங்க நடக்குதுன்னு எனக்குத் தெரியும் சாப்," என்றேன்.

பட்டாள வண்டியைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் மல்லேஸ்வரம் சந்தைத் தெருவுக்குள் விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கர்னல் வேட்டியும் பனியனுமாக, ஒரு கையில் துணிப்பையோடு, கொத்தவரங்காயை உடைத்து உடைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விறைத்து நின்றார். பையில் இருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. நான் சல்யூட் அடித்தேன். காய்க்காரம்மாவும் பயந்துபோய் எழுந்து நின்றாள்.

"நான் இங்க இல்ல," என்றார் கர்னல்.

"எஸ் சார். கிடங்குலதான் இருக்கீங்க சார். அங்க இருந்து ஒரு கையெழுத்து வேணும் சார்," என்றார் புட்டசாமி சாப்.

துணிப்பையின் மேலேயே காகிதத்தை வைத்துப் போட்டுக் கொடுத்தார். மணி பத்தே கால்.

வரும் வழியில் எந்த சிக்னல் சிவப்பு, எது பச்சை என்று நான் பார்க்கவில்லை. கோயில் வாசலில் நிறுத்தும்போது பதினொன்றுக்கு நாலு நிமிஷம். தியோடர் படிக்கட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். டெஸ்மண்ட் சீருடையோடு குதித்தான். மௌரீன் அம்மா கோட்டு சூட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். புட்டசாமி சாப் குறுக்கே கையை நீட்டினார்.

"டியூட்டியில ட்ரெஸ் மாத்தக் கூடாது."

"கல்யாணத்துக்கு வந்திருக்கானா, யுத்தத்துக்கு வந்திருக்கானா?" என்றார் தியோடர்.

"ஆளத் தேட வந்திருக்காரு." புட்டசாமி சாப் ஃபாதரிடம் போனார். "ஃபாதர், இங்க நாயக் டெஸ்மண்ட்னு ஒருத்தர் இருக்காரா?"

ஃபாதர் க்ளென் கண்ணாடியைத் துடைத்தார். "இருக்காரு. உங்க பக்கத்துல."

"அது என் குழுவோட ஆளு ஃபாதர். நான் தேடற டெஸ்மண்ட் பலிபீடத்துக்கு முன்னாடி, பொண்ணு பக்கத்துல நிப்பாருன்னு தகவல். பத்திரிகையில அச்சாயிருக்கு." டெஸ்மண்ட் பக்கம் திரும்பினார். "நீ முன்னாடி போய் அங்க இரு. நாங்க பின் வாசல்ல இருந்து ஒவ்வொரு பெஞ்சா தேடிட்டு வரோம்."

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் ஃபாதர்.

புட்டசாமி சாப் கோயிலின் நீளத்தைப் பார்த்தார். வலது பக்கம் இருபது பெஞ்சு, இடது பக்கம் இருபது. "ஒழுங்கா தேடினா முக்கால் மணி நேரம் ஆகும் ஃபாதர். உங்க பூசை எவ்ளோ நேரம்?"

"முக்கால் மணி நேரம்."

"நோடி," என்றார் புட்டசாமி சாப். பாருங்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார்.

தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் தேடினார் பாருங்கள், அப்படித் தேடினார்! ஒவ்வொரு பெஞ்சிலும் குனிந்து, நீங்க டெஸ்மண்டா என்று காதோடு கேட்டார். கிழவிகளைக் கேட்டார். தொட்டில் குழந்தையைக் கேட்டார். நான் பின்னால் போய்க் குறித்துக்கொண்டேன், இல்லை, இல்லை, இல்லை என்று. பன்னிரண்டாவது பெஞ்சில் இருக்கும்போது முன்னால் டெஸ்மண்டின் குரல் கேட்டது, சம்மதம் என்று சொன்னான். குரல் உடைந்துவிட்டது. பதினாறாவது பெஞ்சில் மோதிரம் மாற்றினார்கள். புட்டசாமி சாப் நிமிரவே இல்லை. இருபதாவது பெஞ்சு முடிந்து தலையைத் தூக்கினார். சீருடைக்கு மேல் மாலையோடு டெஸ்மண்ட், பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஜோவிதா.

"கெடச்சிட்டான்!" என்று கத்தினார். கோயிலே ஆமென் என்றது.

கல்யாணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார் ஃபாதர். இன்ன நாளில், இன்ன நேரத்தில் டெஸ்மண்ட் என்பவர் இந்த இடத்தில் இருந்ததை நேரில் கண்டேன் என்று எழுதிக் கொடுக்கும் காகிதம் என்றால் புட்டசாமி சாப் விடுவாரா? பெயர், பதவி, எண் எல்லாம் போட்டு, பையில் இருந்து ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்து ஒரு குத்தும் குத்தினார். நகல் ஒன்று எனக்கும் வேணும் ஃபாதர் என்று வாங்கிக்கொண்டார். பிப்ரவரியில் கேட்ட மேரேஜ் சர்ட்டிஃபிகேட் அப்படியாக அவர் கைக்கு வந்துவிட்டது.

இனி ஆளைக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். டெஸ்மண்டை வண்டியில் ஏற்றினால், முன் சீட்டில் ஜோவிதா ஏறி உட்கார்ந்துவிட்டாள், முக்காட்டோடு.

"ஏன்ம்மா, இது தேடுதல் குழு வண்டி," என்றார் புட்டசாமி சாப்.

"என் பேரையும் எழுதிக்கோங்க சாப். நானும் பிப்ரவரியில இருந்து இவரத்தான் தேடிட்டிருக்கேன்."

கிடங்கு அலுவலகத்தில் புட்டசாமி சாப் கம்ப்யூட்டரைத் தட்டினார். அதே சிவப்பு. கண்டுபிடிக்கப்பட்டார் என்பதைக் கமாண்டர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு, தினசரி ஆணையில் அச்சிட வேண்டும். கமாண்டர் ஆய்வில். திங்கட்கிழமை சாயங்காலம் ஆகிவிடும்.

"அது வரைக்கும் இவரு?" என்றாள் ஜோவிதா.

"ரெக்கார்டுபடி காணாம போனவருதான்மா. நானு ஏனு மாடலி?"

அவள் அந்தக் காகிதத்தை வாங்கினாள். ஃபாக்டரியில் பம்பு வளையத்தைப் பார்ப்பது மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு டெஸ்மண்டைப் பார்த்தாள்.

"காணாம போனவரு இங்க உக்காந்து என்ன பண்றாரு? எழுந்து வா."

புட்டசாமி சாப் பேனாவை மூடி வைத்தார். அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு முதல் தடவையாக யாரோ பதில் சொல்லிவிட்டார்கள். மெல்ல நாற்காலியைத் திருப்பி, ஜன்னல் வழியாகக் காய்கிற கூடாரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

வாசலில் காவலன் துப்பாக்கியைக் குறுக்கே வைத்தான். "பாஸ்?"

டெஸ்மண்ட் உடனே பின்னால் திரும்பினான். பதினாலு மாதப் பயம் அல்லவா! ஜோவிதா பூச்செண்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக் காவலன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"மூணு நாள் லீவு. என்னோடது. இவரு என் கூட வராரு."

காவலன் படித்தான். சரிம்மா, எடுத்துக்கோ. மறுபடியும் படித்தான். விதி எண் இல்லை, உபவிதி இல்லை, நகல் யாருக்கு என்று இல்லை, இரண்டே வார்த்தை. இவ்வளவு சின்ன உத்தரவை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பக்கத்தில் என்னவோ அடுக்கடுக்காக, உச்சியில் மெழுகுவர்த்தியோடு ஒரு முத்திரை வேறு.

ரொம்பப் பெரிய இடத்து உத்தரவு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. துப்பாக்கியை இறக்கினான், குதிகாலைச் சேர்த்தான், ஜோவிதாவுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் கேட்டை அகலத் திறந்தான்.